பெங்களூர்க் கொட்டை

அந்தப் பையைப் பிரித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: அப்பா. அம்மா. அம்மாவின் இடுப்பில் தம்பி. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. சித்தப்பா, அவர் அத்தைக்கும் இளையவர். பக்கத்து வீட்டு டீச்சர். அப்புறம் நான்.

பை நடுக் கூடத்தில் இருந்தது. மஞ்சள் துணிப்பை. வாயைச் சணலால் தைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் குரோம்பேட்டைக்காரர். "பத்திரமா சேத்துடச் சொன்னாங்க" என்றார். மோர் குடித்தார். போய்விட்டார்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பையைப் பார்த்தார். அத்தை சுவரோரமாக நின்று யாரையும் பார்க்கவில்லை.

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்போது அங்கே வீடுகள் குறைவு. மனைக் கற்களும் முள்செடியும்தான் அதிகம். நான் மூன்றாம் வகுப்பு. அந்தப் பை வருவதற்கு மூன்று வாரம் முன்பு பெங்களூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேசரியை முழுதும் சாப்பிட்டார். பேசியதெல்லாம் அவருடைய அக்கா வீட்டுக்காரர்.

அவர்களை ரயிலேற்ற அப்பா பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குப் போனார். நானும் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனேன். வண்டி வந்துகொண்டிருந்தது. அந்த அக்கா வீட்டுக்காரர் அப்பாவின் காதருகே வந்து கத்தினார். "வீட்ல எல்லாருக்கும் சரின்னா லக்கோட்டா குடுத்தனுப்பறோம்." அப்பா தலையை ஆட்டினார். வண்டி போய்விட்டது.

லக்கோட்டா என்றால் அப்பாவுக்கு உயிர். தாம்பரத்தில் ஓர் ஆபீசில் அவர் பியூன். அவர் வேலையே லக்கோட்டா கொண்டுபோவதுதான். பழுப்பு நிறக் கவர், வாயில் அரக்கு, அரக்கின் மேல் முத்திரை. அதைச் சட்டைக்குள் பனியனோடு செருகிக்கொண்டு சைக்கிளில் போவார். மழையில் தான் நனைந்து லக்கோட்டாவை நனையாமல் கொண்டுபோனதாக நிறையக் கதை உண்டு. எங்கள் வீட்டில் மற்றவர்கள் கவர் என்றுதான் சொல்வார்கள். அப்பா மட்டும் லக்கோட்டா என்பார். தன் வாழ்நாளில் முக்கியமான விஷயம் எதுவும் லக்கோட்டா இல்லாமல் நடந்ததில்லை என்று நினைத்தார். அதனால் பெங்களூர்க்காரர் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர்கள் நல்ல குடும்பம் என்று முடிவு கட்டிவிட்டார்.

"வாய்ல சொன்னா காத்துல போயிடும். எழுத்துல குடுக்கறாங்க பாரு" என்று அம்மாவிடம் மூன்று நாள் சொன்னார்.

இப்போது பை வந்திருக்கிறது. அப்பா பிளேடால் சணலை அறுத்தார். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் பேப்பர் பொட்டலங்கள். பொட்டலத்துக்குள் பழம்.

சின்னப் பழம். மஞ்சள். காம்போடு கொத்துக் கொத்தாக இருந்தது. தோலின் மேல் பூனைமயிர். அப்பா ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து ஓரமாக வைத்தார். பழத்தை அவர் பார்க்கவே இல்லை.

"லக்கோட்டாவக் காணோம்" என்றார்.

"அடியில பாருங்க" என்றாள் அம்மா.

அடியில் வைக்கோல்தான். சித்தப்பா பையை வாங்கித் தலைகீழாக உதறினார். தும்புதான் கொட்டியது. அப்பா பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். ஓரத் தையலைத் தடவிப் பார்த்தார். பிளேடால் அதையும் பிரித்தார். நல்ல பை வீணாயிற்று.

பிறகு பேப்பரை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"டீச்சர், இதுல எதனா எழுதியிருக்கா பாருங்க."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இது கன்னட பேப்பர். ஜிலேபி ஜிலேபியா இருக்கு. எனக்கு வராது."

"அச்சு இல்ல டீச்சர். கையால எழுதினது."

டீச்சர் எல்லாத் தாளையும் புரட்டினார். "இங்க இருக்கு" என்றார். அப்பா எழுந்து நின்றார். "ஒரு லேடி போட்டோவுக்கு யாரோ பேனாவால மீசை போட்டிருக்காங்க."

சித்தப்பா சிரித்தார். அம்மா முறைத்தாள்.

"மறந்துட்டாங்க போல" என்றார் அப்பா.

"மறக்கலண்ணே. வாணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒரு மாரியா கீது இல்ல. அதான் பழத்த குட்த்து கயட்டி வுட்டுக்கினாங்க" என்றார் சித்தப்பா.

"நீ சும்மா இருடா."

அத்தை சுவரை விட்டு வந்தாள். ஒரு பழத்தை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். கடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அதன் பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். புளிப்பும் இனிப்பும். பேர் யாருக்கும் தெரியவில்லை. சப்போட்டாவுக்குத் தம்பி என்றாள் அம்மா. டீச்சர் பைபிளில் வரும் பழமாக இருக்கலாம் என்றார். அப்பா மட்டும் சாப்பிடவில்லை. சதை கொஞ்சம், கொட்டை பெரிசு. ஒரு பழத்தில் மூன்று நான்கு. புளியங்கொட்டை நிறம், வழவழவென்று கையில் நிற்காது. தம்பி ஒன்றை விழுங்கிவிட்டான். வயிற்றில் மரம் முளைக்கும் என்று நான் சொன்னேன். அவன் அழுதான். அம்மா என்னை அடித்தாள்.

நான் கொட்டைகளை வாசலில் எறியப் போனேன்.

"எறியாத. இங்க குடு" என்றாள் அத்தை.

நட்டு வைக்கலாம் என்றாள். அத்தைக்குச் செடிமேல் அதுவரை அப்படி ஒன்றும் பிரியம் கிடையாது. சானடோரியம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைப்பாள். காலை ஏழரை வண்டிக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பாள். அவ்வளவுதான். பை வந்தது ஒரு ஞாயிறு. அன்று துணி ஊறிக்கொண்டே இருந்தது.

டீக்கடையில் பால் கவர் பொறுக்கி வந்தேன். முப்பது. அத்தை கழுவி, அடியில் கோணி ஊசியால் ஓட்டை போட்டாள். ஏரிக்கரை வண்டல், கொஞ்சம் மணல், காய்ந்த ஆட்டுப்புழுக்கையைக் கல்லில் வைத்து நுணுக்கிய தூள். கவரை முக்கால் நிரப்பி, ஒரு விரல் கணு ஆழத்துக்கு ஒரு கொட்டை. கொய்யா மரத்தடியில், துவைக்கும் கல்லுக்குப் பின்னால் வரிசையாக வைத்தோம்.

நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அம்மா பூசணி விதைக்குச் சாம்பல் பூசிக் காயவைப்பாள். அதேபோல் எட்டுக் கொட்டையை எடுத்து, சாம்பலில் புரட்டி, ஷீட் கூரைமேல் போட்டேன். நன்றாகக் காய்ந்து சுருங்கின பிறகு என் பங்குக்கு எட்டுக் கவரில் போட்டேன். அத்தை போட்டது இருபத்திரண்டு. தம்பி விழுங்கியதும் மறுநாள் வந்துவிட்டது. அதையும் வீணாக்க வேண்டாம் என்று அம்மா ஒரு கொட்டாங்கச்சியில் போட்டாள்.

அப்புறம் காத்திருந்தோம். அப்பா தபால்காரருக்காக. நான் முளைக்காக.

அப்பா சாயங்காலம் சைக்கிளைச் சாத்தும்போதே கேட்பார். "லக்கோட்டா வந்துதா?"

"கரெண்டு பில்லு கூட வரல" என்பாள் அம்மா.

நான் அத்தை வந்ததும் கேட்பேன். "அத்த, ஒண்ணுகூட மொளைக்கலயே?" அத்தை செருப்பைக் கழற்றாமல் கொய்யா மரத்தடிக்குப் போய்ப் பார்ப்பாள். மண் மண்ணாகத்தான் இருக்கும்.

அம்மா ஒருநாள் சொன்னாள். "நாமளே ஒரு கடுதாசி போட்டுக் கேட்டா இன்னாங்க?"

"பொண்ணு வூடு நாம. கெஞ்சற மாதிரி ஆயிடும்."

"நான் மரியாதையா எழுதித் தரேன்" என்றார் டீச்சர்.

"வாணாம் டீச்சர். லக்கோட்டா வரட்டும். அனுப்பறோம்னு சொன்னவங்க அனுப்பட்டும்."

அப்பா அப்படித்தான். ஆபீசில் எத்தனையோ பேருக்குப் பதினைந்து வருஷம் கழித்துக்கூட லக்கோட்டா வந்து சேர்ந்த கதை அவருக்குத் தெரியும். அத்தை அடுப்பு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை அத்தை மிச்சமிருந்த கொட்டை ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள். கம்பெனியில் செக்கிங் டேபிளில் பெங்களூர் அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் காட்டுகிறேன் என்றாள். சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னாள்.

"காயவே கூடாதாம். ஈரத்தோட போட்டாதான் வருமாம். உன் எட்டும் போச்சு."

"மத்தது?"

"மூணு வாரம் ஆவுமாம். நெழல்ல இருக்கணுமாம். உப்புத்தண்ணி ஆவாதாம்."

"அது இன்னா செடியாம் அத்த? பேரு இன்னாவாம்?"

அத்தை குனிந்து கவர்களை நேராக வைத்தாள். "பேரு தெரிஞ்சாதான் தண்ணி ஊத்துவியா? போய் சொம்ப எடுத்தா."

நான் போய்ச் சொம்பை எடுத்து வந்தேன். அன்று அத்தை தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கி மல்லி வாங்கி வந்திருந்தாள். எனக்கும் ஒரு துண்டு. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. அது எனக்கு நினைவிருக்கிறது.

பேர் இல்லாததால் நாங்கள் அதைப் பெங்களூர்க் கொட்டை என்றோம்.

இருபத்தோராம் நாள் ஒரு கவரில் மண் வெடித்தது. மறுநாள் மூன்று. ஒரு வாரத்தில் பதினேழு. கொட்டை இரண்டாகப் பிளந்து நடுவிலிருந்து முளை நிமிர்ந்தது. முதல் இலை வெள்ளையாக, பஞ்சு ஒட்டினது போல இருந்தது. தொட்டால் கன்றுக்குட்டியின் காது. பிறகு பச்சையாகும். இலையில் வரி வரியாக மடிப்பு. கொட்டாங்கச்சியில் போட்டதும் முளைத்தது. அம்மா அதைத் தம்பியின் செடி என்று எல்லாரிடமும் காட்டினாள். நான் சாம்பல் பூசிய எட்டும் வரவில்லை. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாகப் போயிருந்தது.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "இன்னாக்கா இது, எருக்கஞ்செடியாட்டம் கீது. தெருவுல தானா மொளைக்குது. அதுக்கு பால் கவரு, நெழலு, ராஜோபசாரம்."

"உனக்கு இன்னா நஷ்டம்?" என்றாள் அத்தை.

"எனக்கு இன்னா. வளந்தா ஒரு மாலை கட்டி புள்ளையாருக்கு போட்ரு."

சித்திரை பிறந்தது. கத்திரி வெயில் வந்தது. இலை நுனி முதலில் பழுப்பாகும். பிறகு ஓரம் சுருளும். பிறகு மொத்தமும் காகிதம் மாதிரி முறுமுறுக்கும். எங்கள் அடிபம்புத் தண்ணீர் உப்பு. அதில் துவைத்த சட்டை தானாக நிற்கும். நான் ஒருநாள் சோம்பலில் அதையே ஊற்றிவிட்டேன். இரண்டு நாளில் மூன்று செடி போயின.

அத்தை என்னை அடிக்கவில்லை. செத்த செடியின் கவரைக் கிழித்து வேரைப் பார்த்தாள். வேர் கறுத்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்கு மேல ஒண்ணு போகக் கூடாது" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

நல்ல தண்ணீர் டீச்சர் வீட்டுக் கிணற்றில்தான். அதுவும் வெயிலில் அடியில் இரண்டு முழம் நின்றது. குடிக்கச் சமைக்க வீட்டுக்கு நாலு குடம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அத்தை தன் பங்குக்குச் செலவைக் குறைத்தாள். தலைக்குக்கூட உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். முடி கயிறு மாதிரி ஆயிற்று. மிச்சம் பிடித்த அரைக் குடம் செடிக்கு. காலையில் ஒரு செடிக்கு ஒரு டம்ளர். வெயில் ஏறிய பிறகு ஊற்றக் கூடாது. தன் பழைய வாயல் புடவை ஒன்றை நாலு குச்சி நட்டு மேலே கட்டினாள். கம்பெனியிலிருந்து வந்ததும் இலையை ஈரத்துணியால் துடைப்பாள், தம்பிக்குச் சளி பிடித்தால் மூக்கைத் துடைப்பது போல.

"பழஞ்செடிக்கு இவ்ளோ வேணுமா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கட்டும் அண்ணி" என்றாள் அத்தை.

இருந்தும் போயின. ஓர் ஆடு வேலியில் புகுந்து நாலைத் தின்றது. ஆறு நின்ற இடத்திலேயே காய்ந்தன. தம்பி தன் செடியைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தான்.

வைகாசியில் அப்பாவுக்குப் பொறுமை போயிற்று. அனகாபுத்தூரிலிருந்து ஒரு வீட்டாரை வரச் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு தறி. நல்ல மனிதர் என்றார்கள். பெங்களூர்க்காரர் லக்கோட்டா அனுப்பவில்லை, இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா அத்தையிடம் சொன்னாள். அத்தை சரி என்றாள்.

அன்று கேசரியை அத்தையே கிண்டினாள். நான் அடுப்பங்கரையில் முந்திரிக்காக உட்கார்ந்திருந்தேன். அத்தை கை நீட்டி உப்பு ஜாடியை எடுத்தாள். ஒரு பிடி அள்ளிப் போட்டாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கிண்டிக்கொண்டே இருந்தாள். பெரியவர்களும் தவறு செய்வார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். சொன்னால் முந்திரி கிடைக்காது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்தார். பிறகு தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். பாதித் தட்டு சாப்பிட்டார். அவர்கள் போன பிறகு அப்பா தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். முற்றத்தில் துப்பினார்.

"இந்த வூட்ல ஒரு கேசரி கூட ஒழுங்கா வராதா?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். இரவு சோற்றுக்கு அந்தக் கேசரியோடு மிளகாய்த்தூள் சேர்த்து உப்புமா என்று போட்டாள். பரவாயில்லாமல் இருந்தது. அனகாபுத்தூரிலிருந்தும் லக்கோட்டா வரவில்லை.

ஆனி மழை இரண்டு பெய்தது. அதற்குள் நின்றது நாலு செடி. ஆனால் அந்த நாலும் உதைத்துக்கொண்டு எழுந்தன. முழ உயரம். இலை என் உள்ளங்கைக்கு மேல் நீளம். அத்தை பால் கவரிலிருந்து மண்ணெண்ணெய் டின்னுக்கு மாற்றினாள்.

ஆடி பிறந்த இரண்டாம் நாள். ஞாயிறு. அப்பா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்யூஷனை முகர்ந்துகொண்டிருந்தார். வேலிப் படலுக்கு வெளியே ஓர் ஆள் நின்றார். கையில் ரெக்சின் பை. சட்டை கசங்கியிருந்தது.

அப்பாவுக்கு முதலில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கேசரியை முழுதும் சாப்பிட்டவர்.

"வாங்க" என்றார் அப்பா. எழுந்திருக்கவில்லை. "ஆடியில வந்திருக்கீங்க."

"லீவு இப்பத்தாங்க குடுத்தாங்க."

"யாரு கூட வந்தீங்க?"

"தனியாத்தான். வீட்ல சொல்லல."

சித்தப்பா எழுந்து ஸ்டூலைப் போட்டார். அவர் உட்காரவில்லை. அப்பா டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைப் பார்த்தபடியே சொன்னார். "லக்கோட்டா அனுப்பறோம்னுட்டுப் போனீங்க. நாலு மாசமா பாக்கறேன்."

"அனுப்ச்சோமேங்க."

"யாருகிட்ட?"

"குரோம்பேட்டைக்காரர்கிட்ட. குடுத்துட்டேன்னு சொன்னாரே."

"அவரு பைதான் குடுத்தாரு."

"ஆமாங்க, பைதான்."

"பையில பழம்தான் இருந்துது."

"ஆமாங்க, பழம்தான்."

"லக்கோட்டா இல்லையே."

அவர் அப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். "அதாங்க லக்கோட்டா" என்றார்.

அப்பா டியூபை விட்டார். டியூப் தண்ணீரில் சுருண்டது.

"எங்க வீட்டுக் கொல்லையில மரம் இருக்குதுங்க. மொதப் பறிப்பு சம்பந்தி வீட்டுக்குப் போனா சம்மதம்னு அர்த்தம். மச்சான் ஸ்டேஷன்ல சொல்லிட்டேன்னாரே." அவர் சுற்றிப் பார்த்தார். கொய்யா மரத்தடியில் கண் நின்றது. "அதோ. அது லக்கோட்டாச் செடிதானே? போட்டு வளக்கறீங்க. அப்பறம் இன்னாங்க இல்லைங்கறீங்க?"

அப்பா எழுந்து கொய்யா மரத்தடிக்குப் போனார். நாலு மாதத்தில் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கிரீஸ் கையோடு ஓர் இலையைப் பிடித்தார்.

"இதா?"

"அதாங்க."

"இதுக்கு இந்தப் பேர எவன் வெச்சான்?" என்றார் அப்பா.

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, ஸ்டூலில் உட்கார்ந்தார். "அண்ணே, லக்கோட்டாவ துன்னுட்டு கொட்டைய நட்டுக்கிறோம்ணே. பைய வேற கிய்ச்சே." அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மதிலுக்கு மேல் டீச்சரின் தலை தெரிந்தது. "அன்னைக்கே லெட்டர் எழுதறேன்னு சொன்னேன். என்கிட்டேயே வேணாம்னுட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்றார்.

"பதில் வரல. புடிக்கலபோல, வேற எடம் பாக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு மனசு வரல. நேராக் கேட்டுடலாம்னு வந்தேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். மத்தியானம் வண்டிக்குப் போயிடறேன்."

அப்பாவின் கையில் இலை இன்னும் இருந்தது.

அத்தை கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தாள். கை ஈரம். முடியை முடிந்திருந்தாள். அவளும் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. நேராக அவரிடம் கேட்டாள்.

"இது எப்ப காய்க்கும்?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "அங்க ஏழு எட்டு வருஷம் ஆவுங்க. இங்க இருக்கிற வெயிலுக்கு சொல்ல முடியாது. பூக்கும். காய் நிக்காது."

"பரவால்ல" என்றாள் அத்தை. பிறகு உள்பக்கம் திரும்பினாள். "அண்ணி, அரிசி ஒரு ஆழாக்கு சேத்துப் போடுங்க. அவரு சாப்ட்டுட்டுத்தான் போவாரு."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

ஆவணியில் கல்யாணம். அத்தை செடி எதையும் கொண்டுபோகவில்லை. அங்கே மரமே இருக்கிறது. நாலையும் அப்பா மண்ணில் வைத்தார். இரண்டடிக் குழி, அடியில் செங்கல் சல்லி, எரு. அவராகவே டீச்சர் வீட்டுத் தண்ணீரைக் கேட்டு வாங்கினார். மேற்குப் பக்கம் வைத்த இரண்டும் அடுத்த கோடையில் போயின. மூன்றாவது வெள்ளத்தில் அழுகியது. கொய்யா நிழலில் வைத்தது நின்றது. கூரைக்கு மேல் போயிற்று. எட்டாம் வருஷம் மார்கழியில் பூத்தது. நல்ல வாசனை. பிஞ்சு பிடித்தது. மாசி வெயிலில் எல்லாம் கொட்டியது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அப்பா ஒவ்வொரு வருஷமும் மூட்டை கட்டும் கோணியை நனைத்து நிழல் கட்டினார். ஒரு பழம் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

நான் எட்டாவதோடு நின்றேன். அத்தை வேலை பார்த்த கம்பெனியிலேயே காலர் தைத்தேன். கல்யாணம் ஆயிற்று. முதல் பிள்ளைக்கு மொட்டை போட்ட வருஷம் பெங்களூர் போனேன். பங்குனி மாதம். அத்தை வீட்டுக் கொல்லையில் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மாமா ஏணி வைத்துப் பறித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அத்தை பழத்தை உரித்துக் கொட்டையை எடுத்து என் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

தைத்துத் தைத்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. கை வேலை செய்யும்போது பழையதை நினைப்பேன். அப்படி நினைத்தபோது ஒன்று பிடிபட்டிருந்தது. அதைக் கேட்டேன்.

"செக்கிங் அக்கா எல்லாம் சொன்னாங்களே அத்த. பேரு சொல்லலியா?"

"மொதல்ல அதத்தானே சொன்னா."

"அப்ப பை இன்னான்னு உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

அத்தை இன்னொரு பழத்தை எடுத்தாள். "பழத்த யாரு வேணா குடுத்தனுப்பலாம். வந்து உக்காந்தாரு, கேசரி துன்னாரு, போனாரு. வாயே தொறக்கல. பேசனது அவங்க மச்சான். சொல்லியிருந்தா பதில் எழுதறது எங்க அண்ணன். அந்த ஆளு வராரா பாக்கலாம்னு இருந்தேன்."

"வரலன்னா?"

அத்தை பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

அந்தக் கோடை முழுதும் நான் அவள் பக்கத்திலேயே சொம்போடு நின்றேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பை வந்ததுலேருந்து அவரு வர வரைக்கும் எத்தன நாள் இருக்கும்?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான்.

அத்தை யோசிக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. உரித்துக்கொண்டே சொன்னாள்.

நூற்று இருபத்தாறு.